வேறுபாடு நோயன்று

ஐந்து விரலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது தமிழ் மக்களின் நாவிற் பழகிய மொழி. மாத்தளை நகரிலிருந்து மலைப்பாதையில் ஏறி எல்கடுவ என்னும் ஊரை அடையும் ஒருவர், கொழுந்து நிறுக்கும் வேளையிலே அங்கு வரிசையாக நிற்கும் பெண்களைக் காண்பாராயின், இம்மொழியின் உண்மையை ஒரே நோக்கில் உணர்ந்துகொள்வார். ஒருத்தி நெடியவள், அடுத்தவள் குறியவள். ஒருத்தியின் முகம் நீண்டது. மற்றொருத்தியின் முகம் வட்டமானது. ஒரு தாய் வயிற்றிற் பிறந்த சகோதரிகளிடையேயும் இவ்வேறுபாடு உண்டு. இதனை எவரும் நோய் என்று கூறார். முகத்துக்கு முகம் வேறுபடுவது இயற்கை என்பதை மக்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிந்திருக்கின்றனர்.

ஆனால், தோலுக்கு உள்ளே இருக்கும் உறுப்புகளின் நிலை யாது? ஈரலும் சிறுநீரகமும் இரத்தக் குழாய்களும் முள்ளந்தண்டும் எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் அமைந்திருக்கும் என்றே பலரும் எண்ணுகின்றனர். பாடப் புத்தகத்திற் காணப்படும் ஒரேயொரு படம் இவ்வெண்ணத்தை மேலும் வலுப்படுத்துகின்றது. உண்மை அவ்வாறன்று. முகங்கள் வேறுபடுவதுபோலவே உள்ளுறுப்புகளும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. உருவத்திலும் அளவிலும் எண்ணிக்கையிலும், சில வேளைகளில் அமைந்திருக்கும் இடத்திலுங்கூட அவை வேறுபடுவதுண்டு. அவ்வேறுபாட்டினால் ஒருவருக்கு யாதொரு துன்பமும் நேராதாயின், அதனை இயல்பான வேறுபாடு என உடற்கூற்றியலார் வழங்குவர். இத்தகைய வேறுபாடுகளை உயிருள்ள மனிதரிடத்தே, உடலைக் கீறாமல், ஆயிரக்கணக்கில் ஆராய்வதற்கு இக்காலத்திற் பெருந்துணையாய் இருப்பது கணினி வெட்டுமுகப் படமாகும். மக்கள் வழக்கில் இது சீ.ரீ. ஸ்கான் எனப்படும்.

இவ்வாராய்ச்சியின் பயனை உணர்வதற்கு, முன்னோர் மனித உடலை அறிந்த வழியைச் சற்றே நோக்குதல் வேண்டும். உரோமப் பேரரசின் காலத்தில் வாழ்ந்த கலென் என்னும் வைத்தியர் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்து ஆராய்ந்தார்; அவற்றிற் கண்டவற்றை மனிதருக்கும் பொருத்திக் கூறினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அவர் சொல்லே வேதவாக்காக விளங்கிற்று. 1543ஆம் ஆண்டில் வெசாலியஸ் என்பார் மனித உடலைத் தம் கையாலேயே அறுத்து நோக்கி, கலெனின் கூற்றுகள் பலவற்றைத் திருத்தி ஒரு பெருநூலை வெளியிட்டார். 1858ஆம் ஆண்டில் இலண்டனிலே ஹென்றி கிரே என்பவர் எழுதிய உடற்கூற்றியல் நூல் தோன்றிற்று. அந்நூலின் படங்களை வரைந்த கார்ட்டர் என்பவர் அதே ஆண்டிற் பம்பாய்க்குச் சென்று, அங்குள்ள வைத்தியக் கல்லூரியிற் பணிபுரிந்தவர்.

தமிழரும் இத்துறையிற் பிற்பட்டிருந்தாரல்லர். 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலே மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கரான சாமுவேல் கிறீன், தம் மாணாக்கருக்குத் தமிழ்மொழியிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். அவரும் அவருடைய மாணாக்கரும் சேர்ந்து ஆக்கிய தமிழ் வைத்திய நூல்களுள் ஒன்று, 1872ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ என்பதாகும். மனித உடலின் பகுதிகளுக்கெல்லாம் தமிழிற் பெயர் சூட்டிய பெருமுயற்சி அது.

எனினும், அக்காலத்து நூல்கள் யாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. அவற்றில் இயல்பான உடல் என்று காட்டப்பட்டது யாருடைய உடல்? இலண்டன் வைத்தியசாலைகளிலும் ஏழைகள் விடுதிகளிலும் இறந்து, உரிமை கோர எவருமின்றிக் கிடந்த ஏழை மக்களின் உடல்களே பெரும்பாலும் அறுவை மேசைக்கு வந்தன. அவர்களுட் பலர் முதியவர்; பலர் நோயால் மெலிந்தவர். மேலும், உயிர் நீங்கியபின் உடல் முன்போல் இருப்பதில்லை. நுரையீரல் சுருங்குகின்றது, இரத்தக் குழாய்கள் வெறுமையாகின்றன, பதப்படுத்தும் மருந்துகளினால் உறுப்புகள் இறுகுகின்றன. ஓர் ஆசிரியர் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் சில நூறு உடல்களையே நுணுகி ஆராய முடியும். அச்சில நூறு உடல்களிலிருந்து உலகத்து மக்கள் அனைவருக்கும் பொருந்தும் ஓர் உருவத்தை வரைந்துவிட முடியுமா என்னும் வினா எழுவது இயல்பே.

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜேர்மனியைச் சேர்ந்த றொன்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தபோது, உயிருள்ள உடலின் உள்ளே நோக்குவதற்கு முதன்முதலாக ஒரு வாயில் திறந்தது. ஆனால், எக்ஸ்-கதிர்ப் படம் என்பது ஒரு நிழலே. விளக்கின் முன்னே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பேர் நின்றால், சுவரில் விழும் அவர்களுடைய நிழல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எது எவருடையது என்று பிரித்தறிதல் அரிது. அவ்வாறே நெஞ்சுப் படத்தில் விலா என்பும் இதயமும் முள்ளந்தண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தோன்றுகின்றன.

இக்குறையை நீக்கியது, பல திசைகளிலிருந்து நோக்குதல் என்னும் உத்தியாகும். கோயிலின் முன்வாயிலில் மட்டும் நிற்பவனுக்குக் கோபுரத்தின் ஒரு பக்கமே தெரியும். நான்கு வீதிகளையும் சுற்றி வருபவனுக்கோ கோயிலின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடுகின்றது. சீ.ரீ. பொறியிலே எக்ஸ்-கதிர்க் குழாய் நோயாளியைச் சுற்றி வட்டமிடுகின்றது. ஒவ்வொரு கோணத்திலும் உடலைக் கடந்து வெளிவரும் கதிரின் அளவு குறித்துக்கொள்ளப்படுகின்றது. இவ்வாறு கிடைக்கும் எண்ணற்ற அளவுகளைக் கொண்டு, உடலின் ஒரு குறுக்குவெட்டில் எவ்விடத்தில் எப்பொருள் இருக்கின்றது என்பதைக் கணினி கணித்துவிடுகின்றது.

இக்கணிதம் எவ்வாறு இயலும் என்பதை ஒரு சிறு புதிரினால் விளக்கலாம். நான்கு கட்டங்கள் உள்ள ஒரு சதுரத்தில், கட்டத்துக்கு ஒன்றாக நான்கு எண்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்க. மேல்நிரையின் கூட்டுத்தொகை 8. கீழ்நிரையின் கூட்டுத்தொகை 5. இடப்பக்க நிரலின் கூட்டுத்தொகை 7. வலப்பக்க நிரலின் கூட்டுத்தொகை 6. இவற்றை மட்டும் கொண்டு அவ்வெண்களைத் திட்டமாகக் கூற இயலாது. பல விடைகள் பொருந்தும். ஆனால், இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ்மூலைக்குச் சாய்வாகக் கூட்டினால் 4 வரும் என்பதும் தெரியுமாயின், விடை ஒன்றேயாகும். மேலே 3, 5. கீழே 4, 1. கட்டங்களைத் திறவாமலே உள்ளிருப்பவை வெளிப்பட்டுவிட்டன. நோக்கும் திசைகள் கூடக்கூட மறைவு குறைகின்றது என்பதே இதன் கருத்து. சீ.ரீ. பொறி நான்கு கட்டங்களுக்குப் பதிலாக இலட்சக்கணக்கான கட்டங்களுக்கு இக்கணக்கைச் செய்கின்றது.

இதன் கணித அடிப்படையைத் தென்னாபிரிக்காவிற் பிறந்த அலன் கோர்மக் என்னும் பௌதிகவியலாளர் ஆராய்ந்து, 1963ஆம், 1964ஆம் ஆண்டுகளிற் கட்டுரைகளாக வெளியிட்டார். அன்று அவற்றைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. அவரை அறியாமலே, இங்கிலாந்திலே கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர் இப்பொறியை ஆக்குவதில் ஈடுபட்டிருந்தார். அவர் தொடக்கத்தில் நடத்திய சோதனையிலே ஒரு பொருளை அளப்பதற்கு மட்டும் 9 நாள்கள் சென்றன. அவ்வாறு தொடங்கிய முயற்சி, 1971ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1ஆம் நாள், விம்பிள்டனிலுள்ள வைத்தியசாலையொன்றில் ஒரு பெண்ணின் மூளையைப் படம்பிடித்தபோது வெற்றி கண்டது. அம்மூளையில் இருந்த கட்டி படத்திலே தெளிவாகத் தோன்றிற்று. 1979ஆம் ஆண்டில் இவ்விருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அன்றைய படம் பக்கத்துக்கு 80 ஆக 6,400 கட்டங்களால் ஆனது. இன்று ஒரு வெட்டுமுகத்தில் பக்கத்துக்கு 512 ஆக இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு; அது ஹவுன்ஸ்பீல்டின் பெயராலேயே வழங்கப்படுகின்றது. தண்ணீருக்குப் பூச்சியம், காற்றுக்கு மறை 1,000, கொழுப்புக்கு ஏறத்தாழ மறை 100, அடர்ந்த என்புக்கு 1,000 அளவிலும் அதற்கு மேலும் அவ்வெண் அமையும். வெட்டுமுகங்கள் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியில் எடுக்கப்படுவதால், அவற்றை ஏடுகள்போல் அடுக்கி, உறுப்பின் முழுவடிவத்தையும் திரையிலே நிறுத்தி, வேண்டிய பக்கமெல்லாம் திருப்பிப் பார்க்கலாம். நீளத்தையும் பருமனையும் அளக்கலாம். இரத்தக் குழாய்களைக் காண வேண்டுமாயின், அயடீன் கலந்த மருந்தொன்றை நாளத்திற் செலுத்துவர்; அது சென்ற வழியெல்லாம் வெண்மையாய் ஒளிரும்.

இவ்வாறு நோக்கியபோது வெளிப்பட்ட வேறுபாடுகள் பலவாகும். அவற்றுள் உயிர்ப்பாதுகாப்போடு தொடர்புடைய சிலவற்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஈரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி. பாடநூல் கூறும் வழியில் மட்டுமன்றி, வேறு கிளைகளிலிருந்தும் இந்நாடி தோன்றுவதுண்டு. அமெரிக்காவிலே மிஷெல்ஸ் என்னும் உடற்கூற்றியலாளர் 200 உடல்களை அறுத்து ஆராய்ந்து, 1955ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் நூற்றுக்கு 55 அளவிலேயே ஈரல்நாடியின் அமைப்பு பாடநூலோடு முற்றும் ஒத்திருந்தது. எஞ்சியோருக்கு ஏதேனும் ஒரு வகையில் மாறுபட்டிருந்தது. 200 உடல்களை அறுப்பதே அக்காலத்தில் ஓர் அருஞ்செயல். 2010ஆம் ஆண்டிலே கொரியா நாட்டு ஆராய்ச்சியாளர், ஈரலுக்கும் இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் கிளைவிடும் அடிநாடியை 5,002 நோயாளரின் படங்களிற் கண்டு ஆராய்ந்தனர். அவ்வடிநாடி நூற்றுக்கு 89 பேருக்கு வழமையான முறையில் அமைந்திருந்தது. ஏனையோருக்குப் பல்வேறு வகையில் வேறுபட்டிருந்தது. மிஷெல்ஸ் நோக்கியது கிளைநாடி. இவர்கள் நோக்கியது அடிநாடி. ஆகையால் இவ்விரு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுதல் கூடாது. ஆனால், 200 என்பது 5,000 ஆக வளர்ந்ததை நோக்கும்போது, இப்புதிய வழியின் ஆற்றல் புலனாகும். மிக அரிய வகைகள்கூட, எண்ணிக்கை பெருகும்போது தப்பாமல் அகப்பட்டுவிடுகின்றன.

பித்தப்பையை அகற்றும் வைத்தியருக்கு இவ்வறிவு இன்றியமையாதது. எதிர்பாராத இடத்தில் ஓடும் நாடியை வேறொன்று என மயங்கி வெட்டிவிட்டால் பெருங்கேடு விளையும்.

இரண்டாவது, சிறுநீரகம். ஒரு சிறுநீரகத்துக்கு ஒரு நாடி என்பது பாடம். ஆனால், நூற்றுக்கு 25 முதல் 30 பேர் வரையில் ஏதேனும் ஒரு சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நாடிகள் இருக்கின்றன. தம் வாழ்நாளில் அவர்கள் அதனை உணர்வதேயில்லை. ஆனால், அவர்களுள் ஒருவர் தம் உறவினருக்குச் சிறுநீரகம் வழங்க முன்வரும்போது நிலைமை வேறாகின்றது. மேலதிகமான ஒரு சிறு நாடியை அறியாது வெட்டினால், சிறுநீரகத்தின் ஒரு பகுதி இரத்தமின்றி அழிந்துவிடும். ஆகையாலேதான் வழங்குபவரின் நாடிகளை முன்கூட்டியே படம்பிடித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. கண்டியிலும் கொழும்பிலும் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெறுவதால், இச்செய்தி இலங்கை மக்களுக்கு நெருங்கியதேயாம். இனி, ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் கீழ்முனையில் ஒன்றாய் இணைந்து, குதிரை இலாடம்போல் வளைந்திருப்பதும் உண்டு.

மூன்றாவது, முள்ளந்தண்டு. இடுப்பிலே ஐந்து முள்ளென்புகள் இருப்பது வழமை. சிலருக்கு ஐந்தாவது என்பு கீழேயுள்ள திருவென்போடு இணைந்து நான்குபோல் தோன்றும்; வேறு சிலருக்குத் திருவென்பின் மேற்பகுதி பிரிந்து ஆறுபோல் தோன்றும். கூடையைச் சுமந்து சரிவிலே நின்று வேலை செய்யும் ஒரு பெண் முதுகு நோவினால் வருந்தி, சத்திரசிகிச்சைக்கு உரியவளாகின்றாள் என்று கொள்க. என்புகளை எண்ணுவதிற் பிழை நேருமாயின், நோயுள்ள இடத்தை விட்டு அடுத்த இடத்தைத் திறந்துவிடும் அபாயம் உண்டு.

நான்காவது, மண்ணீரல். அதன் அருகே மண்ணீரலின் பொருளாலேயே ஆன சிறு உருண்டையொன்று, நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமற் காணப்படுகின்றது. அது யாதொரு தீங்கும் செய்யாதது. ஆனால், அதனை அறியாத கண்ணுக்கு அது ஒரு கட்டியாகவே தோன்றும். இல்லாத நோயை எண்ணி ஒரு குடும்பம் உறக்கமிழக்கும். மேலும் மேலும் சோதனைகள் தொடரும். வேறுபாட்டை அறிந்த வைத்தியரோ, ஒரே வார்த்தையில் அக்குடும்பத்தின் அச்சத்தைப் போக்கிவிடுவார்.

ஆகவே, இயல்பான வேறுபாட்டை அறியாமையினால் இருவகைக் கேடுகள் விளைகின்றன. நோயற்றவரை நோயாளி என்று கொள்ளுதல் ஒன்று. சத்திரசிகிச்சையிலே காயம் விளைத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் தவிர்ப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

இனி, ஒரு நாட்டின் மக்களை அந்நாட்டிலேயே அளக்க வேண்டியதன் காரணத்தைக் காண்போம். வளர்ந்த ஒருவரின் சிறுநீரகம் 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமுடையது என்று மேலைநாட்டு நூல்கள் கூறும். சிறுநீரகத்தின் அளவு உடலின் உயரத்தையும் பருமனையும் பொறுத்தது. தெற்காசிய மக்களின் சிறுநீரகம் மேலைநாட்டாருடையதைவிடச் சராசரியாகச் சற்றுச் சிறியதாகவே காணப்பட்டுள்ளது. நாட்பட்ட சிறுநீரக நோயிலே அவ்வுறுப்பு சுருங்குவது வழக்கம். ஆகவே, எல்கடுவையிலிருந்து வரும் உயரங் குறைந்த ஒரு பெண்ணின் சிறுநீரகம் 9 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால், அது சுருங்கிய சிறுநீரகமா, அவளுடைய உடலுக்கு ஏற்ற சிறுநீரகமா என்னும் வினா எழுகின்றது. மேலைநாட்டு அளவுகோல் ஒன்றை மட்டும் கையிற் கொண்டவர் இதற்குத் திருத்தமாக விடை கூற இயலாது.

மாத்தளை மாவட்டத்துக்கு இவ்வினா வெறுங் கல்விப்பொருள் அன்று. அம்மாவட்டத்தைச் சேர்ந்த வில்கமுவப் பகுதி, காரணம் திட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயினாற் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. அந்நோய் பரவிய இடங்களிலே, நலமுள்ள சிறுநீரகம் எத்துணைப் பெரியது என்பதை அறியாமல், நலிந்த சிறுநீரகத்தைக் காலத்தோடு இனங்காணுதல் கடினம். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தலே முதற்படி. அடுத்து வருவது ஒலியலைகளால் எடுக்கும் ஸ்கான். சீ.ரீ. படம் அவற்றுக்குத் துணையாக நின்று, மிகத் திருத்தமான அளவைத் தருகின்றது.

இங்கே நுட்பமான ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். ஓரிடத்திற் பெரும்பாலாரிடம் காணப்படுவது எல்லாம் நலமானது என்று கொள்ளலாகாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். தோட்டப் பகுதிகளிலோ அத்தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 32 ஆகும். ஒரே நாட்டிற் பிறந்த குழந்தைகளிடையே இவ்வளவு ஏற்றத்தாழ்வு இயற்கையின் செயலன்று. உணவுக் குறைவும் வறுமையும் விட்டுச்சென்ற தடம் அது. ஆதலால், தோட்டத்து மக்களின் உறுப்புகளை அளந்து, அவை சிறியன என்று கண்டு, அவர்களுக்கு இதுவே இயல்பு என்று எழுதிவிட்டு அமைதல் அறமாகாது. பரம்பரையால் வந்த வேறுபாடு எது, பசியால் வந்த குறைபாடு எது என்று பிரித்து நோக்குதல் ஆராய்ச்சியாளரின் கடமை. அளவோடு வயதும் உயரமும் எடையும் வாழ்க்கை நிலையும் சேர்த்துக் குறிக்கப்படுவது இதன் பொருட்டேயாம்.

இன வேறுபாடு பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். 19ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக நடந்து மாத்தளையை அடைந்தோரின் வழித்தோன்றல்களும், மலைநாட்டுச் சிங்களவரும், முஸ்லிம்களும் அம்மாவட்டத்தில் அருகருகே வாழ்கின்றனர். இவர்களுடைய நாடிகளையும் என்புகளையும் நோக்கினால், ஓர் இனத்துக்கும் மற்றோர் இனத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைவிட, ஓரினத்துக்குள்ளேயே ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடே பெரிதாயிருக்கும். இலாட வடிவான சிறுநீரகம் எந்த மொழி பேசுவோரிடத்தும் தோன்றும். சிலவகை வேறுபாடுகள் சில மக்களிடம் சற்று மிகுந்தும் சிலரிடம் குறைந்தும் காணப்படலாம், அவ்வளவே. உடற்கூற்றியல் மனிதரைப் பிரித்து வைக்கும் கருவியன்று. ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனித்துப் பார்க்குமாறு வைத்தியருக்குக் கற்பிக்கும் கலையாகும்.

இவ்வாராய்ச்சி எவ்வாறு நடைபெறுகின்றது? சீ.ரீ. பொறியிற் பயன்படும் எக்ஸ்-கதிர் முற்றும் தீங்கற்றதன்று. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக ஆண்டொன்றுக்கு 2.4 மில்லிசீவேட் ஆகும். வயிற்றுப் பகுதியை ஒருமுறை படம்பிடித்தால் ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவேட் வரை உடலிற் சேரும். அஃதாவது மூன்று நான்கு ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சை உடல் ஒரே நாளில் ஏற்கின்றது. நோயை அறிய வேண்டிய இடத்தில் அச்சிறு தீங்கைப் பொறுக்கலாம். ஆனால், நலமுள்ள ஒருவரை, அளந்து பார்க்கும் ஆவல் ஒன்றின் பொருட்டே கதிருக்கு உட்படுத்துதல் தகாது.

ஆகவே, ஏற்கெனவே வேறொரு நோயின் பொருட்டு எடுக்கப்பட்டு, வைத்தியசாலையிற் சேமித்து வைக்கப்பட்டுள்ள படங்களையே ஆராய்ச்சியாளர் பயன்படுத்துவர். விபத்திலே அடிபட்டவருக்கு உட்காயம் உண்டோ என்று அறிய எடுத்த படத்தில், அவருடைய சிறுநீரக நாடிகளும் பதிவாகியிருக்கும். அறநெறிக் குழுவின் இசைவு பெற்று, பெயரையும் முகவரியையும் நீக்கி, ஆராயப்படும் உறுப்பில் நோயில்லாதவரின் படங்களை மட்டும் தெரிந்தெடுப்பர். ஒரே படத்தை இருவர் தனித்தனியே அளப்பர். இருவர் அளவும் ஒத்துவருகின்றதா என்று பார்ப்பர். இவ்வாறு, எவருக்கும் புதிதாக ஓர் ஊசிமுனையளவு துன்பமும் செய்யாமல் அறிவு பெருகுகின்றது. ஒருவருடைய நோய்க்காக எடுத்த படம், அவர் காணாத பலருடைய நலத்துக்கும் உதவுகின்றது.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. வைத்தியசாலைக்கு வந்தவரின் படங்களே சேமிப்பில் இருக்கும். வராதவரின் படங்கள் இரா. எல்கடுவ மலைச்சரிவிலுள்ள லயத்திலிருந்து ஒருவர் கண்டித் தேசிய வைத்தியசாலையை அடைய வேண்டுமாயின், விடியுமுன் புறப்பட்டு, பஸ் மாறிப் பயணம் செய்து, ஒரு நாட்சம்பளத்தையும் இழத்தல் வேண்டும். அவ்வாறு செல்ல இயலாதவர் சிகிச்சையை இழப்பதோடு, கணக்கிலும் இடம்பெறாமற் போகின்றனர். இலண்டனிலே ஏழைகளின் உடல்கள் அவர்களைக் கேளாமலே நூலில் ஏறின. இன்றோ ஏழைகளின் உடல்கள் நூலில் ஏறாமலே விடுபடக்கூடும். அன்று நிகழ்ந்தது அநீதியாயின், இதுவும் அதன் மறுபக்கமே. கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் எட்டும் வகையில் வைத்திய வசதி விரிவடையும்போதுதான், இயல்பான மனிதன் என்னும் சித்திரம் நிறைவுபெறும்.

இலங்கையில் உடற்கூற்றியற் கல்வி நெடிய மரபுடையது. கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870ஆம் ஆண்டிலும், பேராதனை வைத்திய பீடம் 1962ஆம் ஆண்டிலும், யாழ்ப்பாண வைத்திய பீடம் 1978ஆம் ஆண்டிலும் தோன்றின. உடலைத் தானமாக வழங்கும் பெருமனத்தோரின் துணையால் மாணவர் கைப்படக் கற்கும் கல்வி இன்றும் தொடர்கின்றது. சீ.ரீ. படம் அக்கல்வியை நீக்க வந்ததன்று. மெல்லிய நரம்புகளையும் தசையின் நுண்ணிய இழைகளையும் அறுவைக் கத்தியே நன்கு காட்டும். கைகள் கற்றதைக் கண்கள் ஆயிரம் மடங்கு விரித்துக் காண்பதற்கு இப்பொறி உதவுகின்றது.

பொதுமக்களும் இதிலிருந்து கொள்ளத்தக்க நன்மை ஒன்று உண்டு. ஸ்கான் அறிக்கையில் ‘இயல்பான வேறுபாடு’ என்று எழுதப்பட்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை; அது நோயின் பெயரன்று. ஆனால், அவ்வறிக்கையை எறிந்துவிடுதலும் கூடாது. அதனைப் பத்திரமாக வைத்திருந்து, பின்னொரு காலத்தில் வேறு வைத்தியரிடம் செல்லும்போது தவறாது காட்டுதல் வேண்டும். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இதயம் வலப்பக்கத்திலும் ஈரல் இடப்பக்கத்திலுமாக உள்ளுறுப்புகள் யாவும் கண்ணாடியிற் கண்டாற்போல் இடமாறி அமைந்திருக்கும். குடல்வால் அழற்சி தோன்றின், அத்தகையவருக்கு நோவு வலப்பக்கத்துக்குப் பதிலாக இடப்பக்கத்தில் தோன்றலாம். அவர் கையிலுள்ள ஒரு துண்டு அறிக்கை அவ்வேளையில் அவர் உயிரைக் காக்கக்கூடும்.

இயல்பு என்பது ஒரு புள்ளியன்று. இருபுறமும் கரைகள் உள்ள ஓர் அகன்ற வழி. அக்கரைகள் எங்கே இருக்கின்றன என்பதை, உயிருள்ள மக்களை, அவரவர் மண்ணிலேயே, அவர்களுக்குத் தீங்கு நேராமல் அளந்து காணுதற்குக் கணினி வெட்டுமுகப் படம் கருவியாய் அமைந்திருக்கின்றது. அவ்வளவுகள் பெருகுந்தோறும், மலைச்சரிவிலிருந்து வரும் ஏழைப்பெண்ணின் படத்தை நோக்கும் வைத்தியர், இவள் நூலோடு ஒத்திருக்கின்றாளா என்று கேளாமல், இவளுக்கு இது நலமானதா என்று கேட்கும் நிலை உறுதிப்படும்.